காற்றுக்குக் காசு!

மக்களே, நாம மூச்சு விடுற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பள்ளிக்கூடப் பாடம். அதைத்தான் "ஸ்பெஷல் காத்து சார்" என்று சொல்லி பங்கில் காசு கறக்கிறார்கள். இலவசக் காற்று தரவேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களின் விதியே இருக்கிறது. அந்த மெஷின்தான் எப்போது போனாலும் "ரிப்பேர்".

நைட்ரஜன் அடிச்சா வெயில்ல பிரஷர் ஏறாதாம்! எந்த வாயுவாக இருந்தாலும் சூடானால் ஏறத்தான் செய்யும், அதுவும் ஏறக்குறைய ஒரே அளவில். ஈரப்பதம் இல்லை, ரப்பர் வழியே கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவுதான் லாபம். "விமானத்துக்கே அதான்டா போடுறான்" என்பார் எங்க சித்தப்பா. பிரேக் சூட்டில் டயருக்குள் தீப்பிடித்து வெடிக்கக் கூடாதென்று அங்கே போடுகிறார்கள். நம்ம ஆல்டோ என்ன கத்திப்பாராவிலா தரையிறங்கப் போகிறது?

காசு போனால் போகட்டும். நைட்ரஜன் அடிச்சாச்சு என்ற தைரியத்தில் மூன்று மாசம் டயர் பக்கமே போகமாட்டார்கள், அதுதான் கடுப்பு. காற்று குறைந்த டயர் ஓட ஓடப் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடேறும். நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது வெடிக்கும். பழி வெயில் மேல்.

எவ்வளவு அடிக்கணும் என்று பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவைத் திறந்தாலே ஸ்டிக்கர் இருக்கும். பங்க் பையனோ எல்லா வண்டிக்கும் 35 வைப்பான், நாமும் தலையாட்டுவோம். காலையில் வண்டி எடுக்குமுன், டயர் சூடாகாதபோது பார்த்தால்தான் சரியான கணக்கு. சாதா காற்றே போதும் சாமி. அப்புறம், டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னிக்குக் கடைசியாக எப்போ காற்று பார்த்தீங்க?