கொச்சை எது?

கண்டாவளைச் சிறுமி ஒருத்தி தன் கட்டுரைக் கொப்பியில் "குளம் வான் பாயுது" என்று எழுதுவதாகக் கொள்வோம். ஆசிரியரின் சிவப்பு மை அதனை வெட்டி, "குளம் நிரம்பி வழிகின்றது" என்று மாற்றுகின்றது. "பாயுது" என்பதைப் "பாய்கின்றது" என ஆக்கியிருப்பின் நாம் குறைகூறோம். ஆனால் வான் பாய்தல் வேறு. நிரம்பி வழிதல் வேறு. மேலதிக நீர் தனக்கென அமைந்த வான் வழியே வெளியேறுவது முன்னையது. அணைக்கட்டையே உடைத்துவிடக்கூடியது பின்னையது. குளத்தை நம்பி வாழும் கமக்காரரின் அறிவை அச்சிவப்பு மை அழித்துவிட்டது.

இந்நோய் புதியதன்று. 1960களின் தொடக்கத்தில், டானியல், டொமினிக் ஜீவா முதலியோர் உழைக்கும் மக்களின் பேச்சை இலக்கியத்தில் ஏற்றியபோது, ஈழத்துப் பண்டிதர் சிலர் அதனை "இழிசனர் வழக்கு" என்று பழித்தனர். மொழித் தூய்மை என்ற போர்வைக்குள் ஒளிந்திருந்தது சாதித் திமிரே என்பதை அப்பெயரே காட்டிக்கொடுத்தது. திசைச்சொல்லையும் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியரினும் இவர்கள் மரபறிந்தவர்களோ?

சிந்தனை முன்னரே உள்ளத்தில் முழுமை பெற்றிருக்கின்றது, மொழி அதற்கு உடுத்தும் ஆடையே என்பது இவர்களது எண்ணம். பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-பொந்தி, புலன்காட்சி பற்றி 1945இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வெண்ணத்தை மறுத்தார். பேச்சிலேதான் சிந்தனை நிறைவெய்துகின்றது என்றார். 1949 முதல் 1952 வரை சோர்போனில் குழந்தை உளவியல் கற்பித்த அவர், மொழி கற்பதைப் பிறரோடு கூடிவாழும் வாழ்விலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. அங்ஙனமாயின், வீட்டுமொழியை எள்ளி நகையாடுவது பிள்ளையின் சிந்தனையையே முடமாக்குவதன்றோ?

1958, 1977 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியோரின் பேரப்பிள்ளைகள் இன்று இங்கு வளர்கின்றனர். 2009இல் யாவும் இழந்து மீண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் வளர்கின்றனர். அவர்கள் சொல்லவேண்டியவை ஏராளம். முதல் வாக்கியத்துக்கே நகைப்பைப் பெற்ற பிள்ளை இரண்டாம் வாக்கியத்தைச் சொல்லுமா?

செந்தமிழ் வேண்டாம் என்கிறோமா? இல்லை. பரீட்சையும் பதவியும் அம்மொழியில் இருக்கையில், அதனை ஏழைப் பிள்ளைக்கு மறுப்பதும் வஞ்சனையே. பிள்ளை கொண்டுவரும் சொல்லின்மேல் அதனைக் கட்டுங்கள் என்றே கேட்கின்றோம்.

ஆசிரியத் தோழர்களே! சிவப்பு மையை எடுக்குமுன், அச்சொல்லின் பொருள் என்னவென்று அச்சிறுமியிடமே கேளுங்கள். நாமும் சிறிது கற்றுக்கொள்வோம்.