அடைத்த பால்கனிக்கு எந்தத் தரை?

சங்கத்துப் பத்திரிகையில் தரையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். ஊரில் நமக்குத் திண்ணை இருந்தது, முற்றம் இருந்தது. மும்பையில் இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது பத்தடிக்கு நாலடி பால்கனி. அதையும் கிரில் போட்டு, கண்ணாடி ஜன்னல் வைத்து அடைத்து வெயில் அறை ஆக்கிக்கொண்டோம். ஈஸிசேர், துளசித் தொட்டி, வடாம் காயும் தட்டு எல்லாம் அங்கேதான். மாஹிமில் எங்கள் பால்கனி மேற்கு பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் சுள்ளென்று வெயில், ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல், வருடம் முழுவதும் உப்புக் காற்று. ஹாலுக்குத் தரை போடுவது போல அங்கேயும் போட்டால் போதும் என்று நினைப்பது தவறு. அந்தத் தவறைச் செய்தவன் நான்தான்.

நான் சிவில் டிப்ளமோ படித்து ரயில்வேயில் சேர்ந்து, 36 வருடம் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். 2019-ல் என் மகன், "அப்பா, இந்தப் பழைய மொசைக் கறுத்துப் போச்சு. வெள்ளையா விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டுடலாம்" என்றான். மேஸ்திரி, பழையதைப் பெயர்க்க வேண்டாம், உளியால் கொத்திவிட்டு மேலேயே கலவை போட்டு ஒட்டிவிடலாம் என்றார். எனக்கும் பளபளப்பு பிடித்திருந்தது. தலையாட்டினேன்.

2022 ஜூலையில் ஒரு காலை, ஜன்னல் இடுக்கு வழியாக வந்த சாரல் தரையில் படலமாக நின்றது. வெள்ளைத் தரையில் தண்ணீர் தெரியவில்லை. துளசிக்குத் தண்ணீர் விடப்போன என் மனைவி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மறு வருடம் மே மாதம் ஒரு பிற்பகல், பட்டாசு போலச் சத்தம் கேட்டு ஓடினால், நடு வரிசையில் நான்கு டைல்ஸ் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நின்றன. "தண்டவாளத்துக்கு இடைவெளி விடத் தெரிஞ்சுதே, வீட்டுத் தரைக்கு விடத் தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டாள் அவள். பதில் சொல்ல முடியவில்லை.

கேள்வி நியாயமானது. 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடு ஏறினால் நாலரை மில்லிமீட்டர் நீளும். அதற்குத்தான் இணைப்பில் இடைவெளி. டைல்ஸ் அவ்வளவு நீளாது. மூன்று மீட்டர் தரை அரை மில்லிமீட்டர்தான் நீளும். ஆனால் அழகுக்காக இடைவெளியே இல்லாமல் நெருக்கி, நான்கு பக்கமும் சுவரோடு முட்டவைத்தால் அந்த அரை மில்லிமீட்டர் போக இடம் இல்லை, மேலே கிளம்புகிறது. டைல்ஸுக்கு டைல்ஸ் 2, 3 மில்லிமீட்டர், சுவரோரம் 5 மில்லிமீட்டர் விட்டால் போதும். சுவரோர இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும்.

இவையெல்லாம் சிறிய விஷயம். பெரியது எடை. பால்கனிகள் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் கட்டடத்தில் பதிந்து, மறுபக்கம் அந்தரத்தில் நிற்பவை. கான்டிலீவர் என்போம். பழைய தரைக்கு மேல் நாலு சென்டிமீட்டர் கலவையும் ஒரு சென்டிமீட்டர் டைல்ஸும் போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ கூடுகிறது. எங்கள் பால்கனிக்கு 370 கிலோ. ஐந்து தடித்த ஆட்கள் இரவும் பகலும் இறங்காமல் நிற்பதற்குச் சமம். வீட்டு பால்கனியில் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 300 கிலோ ஏறலாம் என்று கணக்கிட்டுத்தான் இப்போது வடிவமைக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தரையே தின்றுவிடுகிறது. கண்ணாடியும் கிரில்லும் தனி.

இன்னொன்று. அறையின் ஸ்லாபில் பாரம் தாங்கும் கம்பி பெரும்பாலும் அடியில் இருக்கும். கான்டிலீவரில் அது மேற்புறம், அதாவது நம் காலடிக்குச் சற்றே கீழே. மேலே உளி போட்டுக் கொத்தினால் விரிசல், விரிசல் வழியே உப்பு கலந்த ஈரம், அப்புறம் துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துவிடும். மும்பையில் 30 வருடம் கடந்த கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கட்டாயம். அந்த அறிக்கையில் தங்கள் பால்கனியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமலே டைல்ஸ் கடைக்குப் போகும் சொசைட்டி அன்பர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே என் கட்சி இதுதான்: மொசைக் நன்றாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். கார்போரண்டம் கல் வைத்த மெஷினால் தேய்த்தால் மேல் கறுப்பு போய், உள்ளே இருக்கும் சலவைக்கல் சில்லுகள் புதிதாகத் தெரியும். ஒரு கிலோகூட எடை கூடாது. கடைசியில் போடும் கண்ணாடிப் பாலிஷை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈரத்தில் அதுவும் வழுக்கும்.

நம்மவர்களுக்கு இப்போது ஆத்தங்குடிக் கல் மோகம் வந்திருக்கிறது. கண்ணாடிப் பலகையில் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, சூளை இல்லாமல் தண்ணீரில் ஊறவைத்துச் செய்யும் கைவேலை. எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் அது கனமானது, அடியில் கலவைப் படுகையும் வேண்டும். ஹாலில் போடுங்கள், பால்கனியில் வேண்டாம். வேடிக்கை என்னவென்றால் சிமெண்டில் வண்ணப் பூப்போட்ட தரைக்கல்லை இதே பம்பாயில் 1922 முதல் பாரத் டைல்ஸ் செய்துவந்திருக்கிறது. மாட்டுங்கா, தாதர் பழைய வீடுகளில் அப்படிப்பட்ட கல்லை உடைத்துக் குப்பையில் கொட்டிவிட்டு, காரைக்குடியிலிருந்து லாரியில் வரவழைப்பவர்களை என்ன சொல்ல?

கோட்டா கல், ஷாஹாபாத் கல் இரண்டும் உழைக்கும் சுண்ணாம்புக் கற்கள். பிளாட்பாரத்தில் எத்தனை ஆயிரம் கால்களைத் தாங்குகின்றன! தரைத்தள வீட்டுக்கு அவைதான் என் தேர்வு, ஆசிட் ஊற்றிக் கழுவாமல் இருந்தால். மேல்மாடி கான்டிலீவருக்குப் பாரம். மர லாமினேட் மும்பை மழையில் ஊதிப்போகும், பேச்சே வேண்டாம்.

தூக்கிய டைல்ஸைப் பெயர்த்தபோது அடியில் எங்கள் மொசைக் உளிப் புள்ளிகளோடு அம்மைத் தழும்பு முகம் போல இருந்தது. தேய்த்துக் காப்பாற்ற முடியவில்லை. கலவை முழுவதையும் மெதுவாக எடுத்து, நீர்க்காப்புப் பூச்சு போட்டு, மூலையிலுள்ள குழாய்க்கு நூற்றுக்கு ஒன்று சரிவு வைத்து, 8 மில்லிமீட்டர் சொரசொரப்பு டைல்ஸை மெல்லிய பசையில் ஒட்டினோம். நிறம் சாம்பல். ஈரம் பட்டால் கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.

போன மாதம் மூன்றாம் மாடி நண்பர் தன் மொசைக்கை மூடப்போவதாகச் சொல்லி யோசனை கேட்டார். மெஷின்காரரை அனுப்பினேன். இரண்டு நாள் கட்டடமே அதிர்ந்தது. பச்சையும் வெள்ளையுமாகச் சில்லுகள் வெளியே வந்தன. என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நம்ம வீட்டுலயும் இதே பச்சைதான் இருந்தது" என்றாள். வடாம் மாவு கிளற உள்ளே போய்விட்டாள்.