கோப்பு பெருத்தால் படம் சிறக்குமா?

ஒரு படம் நன்றாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, பலர் படத்தைப் பார்க்கும் முன்பே அது எத்தனை எம்பி என்று பார்க்கிறார்கள். 12 எம்பி என்றால் திருப்தி. 5 எம்பி என்றால் கேமராவில் ஏதோ கோளாறோ என்ற சந்தேகம். கூரை போட்ட அரங்குக்குள் குதிரைகளைப் படமெடுப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். அங்கே புள்ளி புள்ளியாகச் சொரசொரத்து வந்த படத்தின் கோப்பு பெரிதாக இருக்கும். அதே குதிரையை வெயிலில் பளிச்சென்று எடுத்த படத்தின் கோப்பு அதைவிடச் சிறிதாக இருக்கலாம். இதற்குக் காரணம் உண்டு. அது வெளிச்சத்தில் தொடங்குகிறது.

ஐரோப்பாவின் பனிக்காலத்தில் திறந்தவெளியில் குதிரையைப் பழக்குவது கடினம். வியன்னாவின் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளிக்கு 1735-லேயே பனிக்கால அரங்கு கட்டி முடித்தது அதனால்தான். குதிரை தாண்டும் போட்டிக்கான உலகக் கோப்பையின் முதல் இறுதிச்சுற்று 1979-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் நடந்ததும் உள்ளரங்கில்தான். குதிரைக்கும் வீரருக்கும் வசதியான இந்த ஏற்பாடு, படமெடுப்பவருக்கு மட்டும் சோதனை. உச்சி வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். சாதாரணப் பயிற்சி அரங்கில் 300 லக்ஸ் கிடைத்தால் பரவாயில்லை என்று சொல்லலாம். நம் கண் சட்டென்று பழகிக்கொள்வதால், இந்த முந்நூறு மடங்கு வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. கேமரா அப்படிப் பழகிக்கொள்ளாது.

கணக்காகப் பார்ப்போம். எஃப் 2.8 அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால், வெயிலில் 1/4000 நொடியில் படம் எடுத்துவிடலாம். அதே அமைப்புக்கு 300 லக்ஸ் அரங்கில் ஏறத்தாழ 1/15 நொடி தேவை. உள்ளரங்கத் தாண்டும் போட்டிகளில் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 350 மீட்டர். அந்த வேகத்தில் ஓடும் குதிரை 1/15 நொடிக்குள் கிட்டத்தட்ட 39 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் குதிரை இருக்காது, இழுத்துவிட்ட ஒரு கோடுதான் இருக்கும். 1/1000 நொடியில் அந்த நகர்வு 6 மில்லிமீட்டராகச் சுருங்கும். குளம்புகள் உடலைவிட வேகமாக வீசுவதால், தாண்டலுக்கு இந்த அளவு ஷட்டர் வேகம் வேண்டும். மெதுவான நடைக்கு 1/250 போதும்.

இது புதிய பிரச்சினை அல்ல. 1878 ஜூனில் எட்வர்ட் மைபிரிட்ஜ், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புவதைப் படமாக்கிக் காட்டினார். பளீரென்ற வெயில், அதைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பின்னணி இரண்டும் சேர்ந்ததால்தான் அந்தக் காலத்து மந்தமான கண்ணாடித் தகடுகளில் அது முடிந்தது. கூரைக்குள் அவரால் அதைச் செய்திருக்க முடியாது.

இன்று நமக்கு அதைச் சாத்தியமாக்குவது ஐஎஸ்ஓ. 100-லிருந்து 6400-க்கு ஏற்றினால் 64 மடங்கு. 1/15 நொடி 1/1000 நொடியாகிவிடும். ஆனால் இதற்கு எஃப் 2.8 லென்ஸ் இருக்க வேண்டும். கேமராவோடு சேர்ந்து வரும் ஜூம் லென்ஸ், நீட்டிய நிலையில் பெரும்பாலும் எஃப் 5.6 வரைதான் திறக்கும். அது உள்ளே விடும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு. அதே ஐஎஸ்ஓவில் 1/250-க்கு மேல் போக முடியாது. உள்ளரங்கில் படமெடுப்பவர்கள் கேமராவைவிட லென்ஸுக்கு அதிகம் செலவழிப்பது இதனால்தான்.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் வெளிச்சம் கூடிவிடாது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒளி துகள் துகளாக, முன்பின்னாக வந்து விழுவது. ஒரு பிக்சலில் சராசரியாக எத்தனை துகள் விழுகிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். வெயிலில் ஒரு பிக்சலுக்கு 10,000 துகள் என்று கொண்டால் ஏற்ற இறக்கம் 100. அதாவது 1 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. வெளிச்சம் 64-ல் ஒரு பங்கானால் துகள்கள் சுமார் 156, ஏற்ற இறக்கம் 12.5. இப்போது அது 8 சதவீதம். ஒரே சீரான சாம்பல் சுவர்கூட மணல் தூவியதுபோல் தெரியும். நாம் நாய்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஃபிளாஷ் போட்டால் தீராதா என்று கேட்கலாம். போடக் கூடாது. குதிரை மிரளும் விலங்கு. தாண்டப் போகும் நேரத்தில் மிரண்டால் வீரரின் உயிருக்கே ஆபத்து. போட்டிகளில் பொதுவாக ஃபிளாஷுக்கு அனுமதி இருக்காது. குதிரையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால், படத்திலும் கண் பச்சையாக மின்னி விகாரமாகத் தெரியும். அதற்குப் பதில் நேரம் பார்த்து எடுப்பது நல்லது. தாண்டலின் உச்சியில் மேலே போவதும் கீழே வருவதும் ஒரு கணம் நின்றுவிடும்; அப்போது அசைவு குறைவு. இன்னும் இரண்டு விஷயங்கள். கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்வதால் வெள்ளைக் குதிரை அழுக்காகவும், கருங்குதிரை வெளுத்தும் வரும். வெள்ளைக்கு ஒளியைக் கூட்டி, கறுப்புக்குக் குறைக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகள் பல நொடிக்கு 100 முறை மினுக்குவதால், அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் வரலாம்; மினுக்கலைச் சமாளிக்கும் வசதி கேமராவில் இருந்தால் இயக்கிவிடுங்கள்.

இனி கோப்புக்கு வருவோம். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் அகலத்தில் 6000, உயரத்தில் 4000 பிக்சல் கொண்டது. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக 7 கோடியே 20 லட்சம் பைட், அதாவது 72 எம்பி. வெயிலில் எடுத்தாலும் இருட்டில் எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆனால் கேமராவின் நினைவக அட்டையில் சேரும் ஜேபெக் கோப்பு 8 எம்பி, 10 எம்பி என்றுதான் இருக்கும். இடையில் நடந்தது சுருக்கம்.

1992-ல் தர நிர்ணயமான ஜேபெக், படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடுகிறது. அதற்கான கணித முறையைப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-ல் வெளியிட்டார்கள். மாற்றமே இல்லாத கட்டத்துக்குச் சில எண்கள் போதும். மாற்றம் மிகுந்த கட்டத்துக்கு நிறைய எண்கள் வேண்டும். மளிகைச் சீட்டில் “பொன்னி அரிசி 10 கிலோ” என்பது ஒரே வரி. அதே 10 கிலோ எடைக்கு ஐம்பது வகைச் சாமான் எழுதினால் சீட்டு நீண்டுவிடுவது போலத்தான்.

இப்போது முதலில் சொன்ன குழப்பம் தீர்கிறது. நாய்ஸ் நிறைந்த படத்தில் வெறும் சுவர்கூடப் பிக்சலுக்குப் பிக்சல் மாறுகிறது. ஜேபெக்குக்கு அது நாய்ஸா, குதிரையின் பிடரி மயிரா என்று தெரியாது. இரண்டையும் ஒரே சிரத்தையோடு எழுதி வைக்கிறது, கோப்பு பெருக்கிறது. பின்னணி மென்மையாகக் கலங்கி, குதிரை மட்டும் தெளிவாக நிற்கும் அருமையான படம் சிறிய கோப்பாக அடங்கிவிடும். குதிரையே கலங்கிப்போன படமும் அப்படித்தான் அடங்கும். ஆகவே எம்பியை வைத்து நல்ல படம் என்றும் சொல்ல முடியாது, மோசமான படம் என்றும் சொல்ல முடியாது.

எம்பி உண்மையிலேயே முக்கியமாகும் இடம் சேமிப்பு. கேமரா பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் வைக்கும் ரா கோப்பு ஒன்று 30 எம்பி என்றால் 64 ஜிபி அட்டையில் ஏறத்தாழ 2,000 படங்கள் அடங்கும். 8 எம்பி ஜேபெக் என்றால் 8,000. நொடிக்குப் பத்துப் படம் வீதம் ராவில் சுட்டால் நொடிக்கு 300 எம்பி குவியும். கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, குதிரை தாண்டும் அந்த நொடியில் கேமரா திணறி நிற்கலாம். ஆனாலும் அரங்க விளக்குகளின் மஞ்சளையும் பச்சையையும் பிறகு திருத்துவதற்கு ராவில்தான் இடம் அதிகம். தாண்டலுக்குச் சற்று முன் தொடங்கி, சிறு சிறு கொத்தாகச் சுடுவதே வழி.

பயன்பாட்டுக்கு வரும்போது கேட்க வேண்டியது எத்தனை பிக்சல் என்பதைத்தான். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 3508-க்கு 2480, அதாவது 87 லட்சம் பிக்சல் போதும். 24 மெகாபிக்சல் படத்தில் பாதிக்கு மேல் வெட்டி எறிந்தாலும் ஏ4 அச்சு வரும். கைபேசித் திரைக்கு நீளப் பக்கம் 2000 பிக்சல் தாராளம். படத்தை நீள அகலத்தில் பாதியாகக் குறைத்தால் நான்கு பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகி, நாய்ஸும் பாதியாகக் குறையும். கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்து மனம் நொந்த படம் கைபேசியில் நன்றாகத் தெரிவது இதனால்தான். அப்படிப்பட்ட படத்தை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

குதிரையின் சொந்தக்காரருக்கோ பத்திரிகைக்கோ படம் அனுப்பும்போது, என்ன பயன்பாட்டுக்கு, எத்தனை பிக்சல் வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது பிக்சலையும் குறைத்துச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஜேபெக்கைத் திருத்தித் திருத்தி அதன் மேலேயே சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். எனவே மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, பிரதியில் வேலை செய்யுங்கள். பெரிய படத்திலிருந்து எந்தச் சிறிய அளவும் எடுக்கலாம். சுருக்கி இழந்ததை எந்த மென்பொருளாலும் உள்ளபடி திரும்பக் கொண்டுவர முடியாது.