குரைக்காத நாயும் ஆட்டுக்கறியும்

கதை எழுதக் கற்றுத்தரும் வகுப்பில் முதல் பாடம் எது என்று என்னைக் கேட்டால், ஆர்தர் கோனன் டாயிலின் 'சில்வர் பிளேஸ்' என்பேன். 1892இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை. பந்தயக் குதிரை காணாமல் போகிறது. அதன் பயிற்சியாளர் வெட்டவெளியில் மண்டை உடைந்து கிடக்கிறார். லாயத்து நாய் அன்றிரவு குரைக்கவில்லை, ஆகவே வந்தவன் அதற்குப் பழகியவன். இந்தத் துப்பைத்தான் எல்லோரும் சிலாகிப்பார்கள். எனக்கு அதைவிடப் பயிற்சியாளர் வீட்டு இரவுச் சாப்பாடு பிடிக்கும். லாயத்தில் காவலிருந்த பையனுக்கு அபின் கலந்து கொடுக்கப்பட்டது மசாலா போட்ட ஆட்டுக்கறி. (நம் ஊர்ச் சமையலுக்கு லண்டன் துப்பறிவாளர் பட்ட கடன் இது!) சாதாரணச் சாப்பாட்டில் அபின் கலந்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும், மசாலா அதை மறைத்துவிடும். அன்றைக்குக் கறிதான் என்று வெளியாள் எப்படித் தீர்மானிக்க முடியும்? பணிப்பெண் தட்டை எடுத்துப்போகும் இடத்தில் டாயில் கறி விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்; நாமும் வெறும் வர்ணனை என்று தாண்டிவிடுகிறோம். நிலாவையும் மழையையும் கொட்டிப் பக்கம் நிரப்பும் இளம் எழுத்தாளர்கள், அந்த ஒற்றை வரியை நீக்கிவிட்டுக் கதையை மறுபடி எழுதிப் பார்க்கட்டும். முடிச்சு அவிழாது. துப்பறியும் கதைகளுக்கு ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்யச் சொல்வதில் மட்டும் எனக்கு நம்பிக்கையில்லை. அத்தகைய விதிகளுக்கு மாறாக, அகதா கிறிஸ்டி 1926லேயே கதைசொல்லியை வைத்தே வாசகரை ஏமாற்றிக் காட்டிவிட்டார். டாயிலிடம் மன ஆழத்தைத் தேட வேண்டாம், அதற்குத் தி. ஜானகிராமன் இருக்கிறார்.