நோயாளியின் வாசலில் கேட்கக் கூடாத கேள்வி



எய்ட்ஸ் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம்மில் பலருடைய மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: ‘இவருக்கு இது எப்படி வந்தது?’ காய்ச்சல் கண்டவரையோ நீரிழிவு உள்ளவரையோ பார்க்கச் செல்லும்போது நாம் இப்படிக் கேட்பதில்லை. எச்.ஐ.வி. உள்ளவரிடம் மட்டும் நலம் விசாரிப்பதற்கு முன்பே விசாரணையைத் தொடங்கிவிடுகிறோம். இந்தக் கேள்வியைக் கைவிடாத எவராலும் இக்குடும்பங்களுக்கு உண்மையான தொண்டு செய்ய இயலாது என்பதே நமது கருத்து. இந்தப் பாடத்தை நடைமுறையில் காட்டியவர்கள் உகாண்டா நாட்டு இமாம்கள்.

1980களில் அந்நாட்டை இந்நோய் கடுமையாகத் தாக்கியது. நோரீன் கலீபா என்ற பெண்மணி தம் கணவரை எய்ட்ஸ் நோய்க்குப் பறிகொடுத்தார். தம்மைப் போலவே பாதிக்கப்பட்ட சிலருடன் சேர்ந்து 1987ஆம் ஆண்டு ‘டாசோ’ என்னும் ஆதரவு அமைப்பை அவர் நிறுவினார். அதற்கு அடுத்த ஆண்டு முஸ்லிம் மருத்துவர்கள் ஒன்றுகூடி உகாண்டா இஸ்லாமிய மருத்துவச் சங்கத்தைத் தொடங்கினர். 1989இல் அந்நாட்டு முஸ்லிம்களின் தலைமை, எய்ட்ஸுக்கு எதிராக ஜிஹாத் என்றே அறிவித்தது. அந்தப் போர் நோயாளியின் மீது தொடுக்கப்பட்டதன்று. நோயின் மீதும் அறியாமையின் மீதும் தொடுக்கப்பட்டதாகும்.

1992 முதல் பள்ளிவாசல்களின் வழியே அந்தப் பணி கிராமங்களை அடைந்தது. ஒவ்வொரு இமாமுடனும் உதவிக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பயிற்சி பெற்றனர். குத்பாவில் பேசியதோடு நின்றுவிடாமல் வீடு வீடாகச் சென்றனர். பெண் தொண்டர் இருந்ததனால், ஆண்கள் நுழைய முடியாத அடுக்களை வரையிலும் செய்தி போய்ச் சேர்ந்தது.

அவர்கள் தங்கள் வழக்கங்களையே முதலில் சோதித்துப் பார்த்தனர். பல சிறுவர்களுக்கு ஒரே கத்தியால் கத்னா செய்வது ஆபத்து என்பதை எடுத்துரைத்தனர். மய்யித்தைக் குளிப்பாட்டுவோர் இரத்தமும் பிற கசிவுகளும் தம் கைகளில் படாமல் காத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கற்பித்தனர். ஆணுறை குறித்துப் பேசத் தொடக்கத்தில் இமாம்கள் தயங்கினர். திருமணத்திற்கு வெளியே உறவு கூடாது என்னும் மார்க்க நெறியை ஓர் அணுவும் தளர்த்தாமலேயே, உயிர் காக்கும் அறிவை மறைப்பதும் தகாது என்ற முடிவுக்குப் பின்னர் வந்தனர். மார்க்கத்தில் உறுதியாக நிற்பதும் நோயாளியிடம் இரக்கம் காட்டுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

இன்று மருத்துவம் வெகுவாக முன்னேறியுள்ளது. மாத்திரைகளை நாள்தோறும் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், தாம்பத்திய உறவின் வழியே மற்றவருக்கு அது தொற்றுவதில்லை. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பை 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர முடிகிறது. ஒரு காலத்தில் ஓர் ஆண்டு மருந்துக்கு 10,000 டாலருக்கும் மேல் செலவாயிற்று. 2001இல் யூசுஃப் ஹமீது தலைமையிலான மும்பை சிப்லா நிறுவனம் அதனை 350 டாலருக்குத் தர முன்வந்தபோது ஏழை நாடுகளுக்கு ஒரு வாசல் திறந்தது.

எனினும் ஏழையின் சிக்கல் மாத்திரையோடு தீர்ந்துவிடவில்லை. மருந்து இலவசமாகவே கிடைத்தாலும் மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்துக் கட்டணம் இலவசம் அன்று. வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரை தலைச்சுற்றலையும் குமட்டலையும் தருகையில், உண்ண ஏதுமில்லாத தாய் அதைத் தள்ளிப்போடுகிறாள். நடுத் தலைமுறை மறைந்துவிட்ட வீடுகளில், தள்ளாத வயதுப் பாட்டி மண்வெட்டி பிடித்துப் பேரக் குழந்தைகளை வளர்க்கிறாள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தி வைத்தபோது, ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் மருத்துவப் பணிகள் தடுமாறின. தொலைதூரத்து அரசொன்றின் கையெழுத்தை நம்பி எத்தனை உயிர்கள் இருந்தன என்பது அன்று வெளிப்பட்டது.

‘கணவனால் நோயுற்ற மனைவியும், பிறக்கும்போதே நோயோடு பிறந்த குழந்தையும் குற்றமற்றவர்கள்; அவர்களுக்கு உதவலாம்’ என்று நம்மில் சிலர் கூறுவதுண்டு. நல்லெண்ணத்தில் சொல்லப்படும் சொல்தான். ஆயினும் அதன் மறுபக்கத்தைச் சற்றே சிந்திப்போமாக. உதவி கேட்டு வருபவர் முதலில் தம் குற்றமின்மையை நிரூபிக்க வேண்டும் என்றாகிவிடுகிறதல்லவா? தண்டனைக்கு அஞ்சுபவர் பரிசோதனைக்கு வரமாட்டார். பரிசோதனைக்கு வராதவரிடமிருந்து நோய் மேலும் பரவும். தொண்டரின் பணி காழியின் பணி அன்று. உள்ளங்களின் கணக்கைப் பார்ப்பவன் அல்லாஹ் ஒருவனே. நீண்ட காலம் நோயில் வாடிய அய்யூப் நபி (அலை) அவர்களைப் பொறுமையின் முன்மாதிரியாகவே நாம் போற்றுகிறோம். அநாதையை விரட்டுவதைக் கண்டிக்கும் மாஊன் சூராவைத் தொழுகையில் ஓதுகிறோம்.

ஆகவே, உதவ விழைவோர் சிலவற்றைக் கருத்தில் கொள்ளுதல் நலம். இரண்டு வாரம் சென்று திரும்பும் பயணத்தைவிட, அவ்வூர்த் தொண்டர்களின் கரங்களை ஆண்டு முழுவதும் வலுப்படுத்தும் உதவி மேலானது. மருத்துவம், கணக்கு, கல்வி எனத் தேர்ந்த திறன் உடையோர் செல்லட்டும். மற்றவர்கள் அந்தப் பயணச் செலவையே ஸதக்காவாக அனுப்பட்டும். உணவுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து நோயாளியைப் படமெடுக்க வேண்டாம். அந்தப் படம் அவருடைய ஊராரின் கைபேசிக்கும் போய்ச் சேரும். பிறருடைய மானத்தை மறைத்துக் காப்பதும் மார்க்கக் கடமையே.

இறுதியாக ஒன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நமது சென்னையில்தான். நம் மஹல்லாவிலும் யாரோ ஒருவர் மாத்திரைப் புட்டியின் மேலுறையைக் கிழித்து எறிந்துவிட்டு அதை ஒளித்து வைத்திருக்கக்கூடும். உகாண்டா இமாம்களைப் போல நம் மிம்பரிலிருந்தும் ஓர் ஆறுதல் சொல் ஒலிக்குமானால், அந்த ஒருவர் ஜமாஅத்தில் நம் தோளோடு தோள் சேர்ந்து அச்சமின்றி நிற்பார். அந்த வாய்ப்பை நமக்கு அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.