உயிர் காக்கும் ஊசியிலும் கொள்ளையா?

2015ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வாலியண்ட் என்ற மருந்துக் கம்பெனி, ‘நைட்ரோபிரஸ்’ என்ற ஊசி மருந்தின் உரிமையை விலைக்கு வாங்கியது. வாங்கிய அன்றைக்கே அமெரிக்காவில் அதன் விலையை ஏற்றியது. 257 டாலராக இருந்த ஒரு குப்பி 805 டாலர் ஆயிற்று! மருந்து அதேதான், குப்பி அதேதான். மாறியது முதலாளி மட்டுமே.

என்ன மருந்து அது? தோழர்களே, நீர் இறைக்கும் மோட்டாரை நினைத்துக் கொள்ளுங்கள். வாய்க்கால் குறுகிப் போனால் மோட்டார் திணறும். போகவேண்டிய தண்ணீர் பின்னுக்குத் தேங்கும். ரத்தக் கொதிப்பு தலைக்கேறும்போது நெஞ்சிலும் இதுவே நடக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, இதயம் தள்ள முடியாமல் தவிக்கிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. மனிதன் படுக்க முடியாமல் உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுகிறான். அந்த நேரத்தில் குழாய்களை விரித்துவிட நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்துகளில் ஒன்று இது. சோடியம் நைட்ரோபுருசைடு என்பது அதன் உண்மைப் பெயர்.

இந்த ரசாயனத்தை 1850ஆம் ஆண்டு வாக்கிலேயே விஞ்ஞானிகள் அறிந்திருந்தார்கள். 1974இல் அமெரிக்க சர்க்கார் இதை மருந்தாக அங்கீகரித்தது. வாலியண்ட் கண்டுபிடித்தது எதுவுமில்லை. அங்கே 47 ஆஸ்பத்திரிகளின் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். 2012க்கும் 2015க்கும் இடையில் இந்த மருந்து பெற்ற நோயாளிகளின் எண்ணிக்கை 53 சதவீதம் சரிந்திருந்தது. நோயைப் பார்த்து மருந்து எழுதிய கை, விலையைப் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டது! 2016இல் அமெரிக்கப் பாராளுமன்றம் கம்பெனி நிர்வாகிகளைக் கூப்பிட்டு விசாரித்தது. அதற்குள் அடித்த லாபம் அடித்ததுதான்.

அமெரிக்கக் கதை பாகூருக்கும் வில்லியனூருக்கும் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நம் நாட்டில் இந்த மருந்தும், இதன் உறவான நைட்ரோகிளிசரின் ஊசியும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. விலைக்கு உச்சவரம்பும் உண்டு. நல்லதுதான். ஆனால் அந்த உச்சவரம்பை எப்படி வகுக்கிறார்கள்? முன்பு உற்பத்திச் செலவைக் கணக்கிட்டார்கள். 2013ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பின், கம்பெனிகள் தாமே வைத்த விலைகளின் சராசரியை எடுத்து, கடைக்காரர் பங்கையும் சேர்த்து, அதையே வரம்பு என்கிறார்கள். திருடனைக் கேட்டுப் பூட்டுச் செய்த கதை! போதாக்குறைக்கு, மொத்த விலைவாசிக் குறியீடு ஏறினால் இந்த வரம்பும் தானாக ஏறும். 2022 ஏப்ரலில் சுமார் 10.8 சதவீதம், 2023 ஏப்ரலில் 12.1 சதவீதம் ஏற்ற அனுமதி கிடைத்தது. நாற்று நடும் பெண்ணின் கூலி அந்த ஏப்ரல்களில் தானாக ஏறியதா?

நைட்ரோகிளிசரின் சரித்திரமே தொழிலாளியின் சரித்திரம்தான். டைனமைட் வெடியின் உயிர்ப்பொருள் அது. கார்டைட் வெடிமருந்திலும் அது சேரும். அந்தக் கார்டைட்டைச் செய்யத்தான் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை எழுந்தது. வெடி ஆலைகளில் ஞாயிறு ஓய்ந்து திங்களன்று வேலைக்குத் திரும்பியவர்களுக்கு மண்டை பிளக்கும் தலைவலி வரும். மூச்சிலும் தோலிலும் புகுந்த சரக்கு அவர்களுடைய ரத்தக் குழாய்களை விரித்ததே காரணம். 1879இல் லண்டன் டாக்டர் வில்லியம் மரெல் அதையே நெஞ்சுவலிக்கு மருந்தாக்கி எழுதினார். வெடி விற்றுக் கோடீசுவரரான ஆல்பிரட் நோபலுக்கும் கடைசிக் காலத்தில் டாக்டர்கள் இதையே எழுதிக் கொடுத்தார்கள்!

ஆனால் மலிவான குப்பி அலமாரியில் இருந்தால் மட்டும் உயிர் பிழைக்காது. அளவு தப்பினால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். நைட்ரோபுருசைடை வெளிச்சம் படாமல் மூடி வைத்து ஏற்ற வேண்டும். மிஞ்சினால் உடம்பில் சயனைடு விஷம் சேரும். சொட்டை அளந்து செலுத்தும் கருவி வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் அழுத்தம் பார்க்கும் நர்சும், பக்கத்திலேயே டாக்டரும் வேண்டும். “ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்” என்று போலி வைத்தியரிடம் ஓடுவது ஆபத்து. அன்றாட மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதும் ஆபத்து. பலருக்கு அந்த இரவு அப்படித்தான் வருகிறது.

பாகூர் தெற்குக் கோடியில், ஜிப்மர் இருக்கும் கோரிமேடு வடக்குக் கோடியில். நடுவே கொம்யூன் எல்லைக்குள்ளேயே தனியார் மருத்துவக் கல்லூரிகள் மாடி மாடியாய் எழுந்து நிற்கின்றன. விவசாயத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. 2020இல் ஏ.எஃப்.டி. மில் மூடப்பட்டபோது மில் தொழிலாளிக்கு வேலையோடு இ.எஸ்.ஐ. பாதுகாப்பும் போயிற்று. இவர்களுக்கு மிஞ்சியது சர்க்கார் சுகாதார நிலையம் ஒன்றுதான்.

அங்கே நைட்ரோகிளிசரின் ஊசி, சொட்டை அளக்கும் கருவி, இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர், பிராண வாயு, இரவு டாக்டர், பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வண்டி, இத்தனையும் இருந்தாக வேண்டும். சுகாதார அதிகாரி அடுத்த முறை கொம்யூனுக்கு வரும்போது சூழ்ந்து நின்று கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டி ஒருவன் வந்தால், இந்த ஊசியை ஏற்ற இங்கே யார் இருக்கிறார்கள்? பெயரைச் சொல்லுங்கள், டியூட்டிப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்!