முளைப்பாரிய கடையில வாங்கலாமா?

நடவு, களையெடுப்புனு ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வர முடியல. இப்ப எழுத வச்சது போன வாரம் எங்க ஊர்க் கூட்டத்துல நடந்த ஒரு பேச்சு.

சாமி சாட்டுறதுக்குத் தேதி குறிக்கக் கூடியிருந்தோம். ஒரு இளவட்டம் எந்திரிச்சு, "இந்த வருசம் வீட்டுக்கு வீடு முளைப்பாரி போட வேணாம். ஆர்டர் கொடுத்தா வளர்த்துக் கொண்டாந்து இறக்கிடுறாங்க. காசப் பிரிச்சா முடிஞ்சது"ன்னான். ஆம்பளைங்க தலையாட்டினது பெருசில்ல. அந்தப் பக்கம் உக்காந்திருந்த பொம்பளைங்கள்லயும் பாதிப் பேர் தலையாட்டினாங்க. அதுதான் எனக்குச் சுருக்குனு பட்டுச்சு.

வீட்டுக்கு வந்து மதினிகிட்ட கேட்டேன். "பயமா இருக்கு தம்பி"ன்னாங்க. அப்பத்தான் போன வருசக் கதை ஞாபகம் வந்துச்சு.

போன வருசம் எங்க வீட்டுப் பாரி சரியா வரல. நடுவுல உள்ளங்கை அகலத்துக்குச் சொட்டை. ஊரே சீராத் தூக்கிட்டுப் போறப்ப, மதினி சொட்டையை மறைக்கப் பூவைச் சுத்திக்கிட்டு, தலையைக் குனிஞ்சே நடந்தாங்க. "பாரி வரலைன்னா குடும்பத்துக்கு ஆகாது"னு யாரோ காதுபட வேற சொல்லிட்டாங்க. ஒரு மாசம் அந்த வீட்டுல நல்ல தூக்கமில்ல.

உண்மையில நடந்தது என்ன? அந்த வருசம் வீட்டுல விதைப்பயறு இல்ல. மளிகைக் கடையில தட்டாம்பயறும் பாசிப்பயறும் வாங்கி ஊறப்போட்டாங்க. திங்கிறதுக்கு வச்ச பயறு அது. எத்தனை மாசம் மூட்டையில கிடந்துச்சோ, எவ்வளவு வெயில் பட்டுச்சோ. பாதி முளைக்கல. சாமி குத்தமும் இல்ல, மதினி குத்தமும் இல்ல. விதைக் குத்தம்.

இங்கதான் என் கருத்தைச் சொல்லணும். வராமப் போன அந்தப் பாரிதான் ஒழுங்கா வேலை செஞ்ச பாரி. "இந்த விதை ஆகாது"னு வயல்ல போடுறதுக்கு முன்னாடியே சொன்னுச்சு. நாமதான் அதைச் சகுனம்னு எடுத்துக்கிட்டு அழுதோம்.

பாரி போடுறதைப் பாருங்க. அடியில வைக்கோல், அதுக்கு மேல இடிச்ச எருவும் ஆட்டுப் புழுக்கையும். ராத்திரி பூரா ஊறின தானியத்தைத் தூவி, இருட்டு அறையில வச்சு, ஒரே அளவாத் தண்ணி தெளிப்பாங்க. எங்க ஊர்ல செவ்வாய்க்கிழமை போட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை எடுக்குறது. எல்லா வீட்டுச் சட்டியும் ஒரே அறையில. ஒரே இருட்டு, ஒரே எரு, ஒரே தண்ணி. மாறுறது விதை மட்டும்தான். இதைவிட நல்ல சோதனை எங்க இருக்கு? வெளிச்சம் படாததால பச்சையம் ஏறாம, மஞ்சளா, உயரமா வளரும். அந்த மஞ்சளோட அழகைப் பார்க்குற சாக்குல, யார் வீட்டு விதைக்கு வீரியம் அதிகம்னு ஊர்ப் பொம்பளைங்க கண்ணாலேயே அளந்துருவாங்க. எங்க அப்பத்தா பாரி இறக்கின மறுநாளே, நல்லா வந்த வீட்டுல போய், "ஒரு படி விதை கொடு தாயி, நான் எங்க கம்பைத் தாரேன்"னு நிக்கும்.

1965-லயே வேளாண் கல்லூரி வந்த ஊர் எங்க ஒத்தக்கடை. விதைச் சோதனைக் கூடங்கள்ல எப்படிப் பார்க்குறாங்க? 400 விதையை எடுத்து, நூறு நூறா நாலு பங்காப் பிரிச்சு, முளைக்கப் போட்டு எண்ணுறாங்க. சான்று விதைனு மூட்டையில சீட்டு ஒட்டணும்னா நெல்லுக்குக் குறைஞ்சது 80 சதவீதம் முளைக்கணும், உளுந்து, பாசிப்பயறுக்கு 75. அவங்க எண்ணி எழுதுறாங்க, எங்க அப்பத்தா பார்த்துச் சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம்.

"எல்லா ஊர்லயும் விதைப்புக்கு முன்னாடியா பாரி எடுக்குறாங்க? பங்குனி, சித்திரையில எடுக்குறவங்க இல்லையா?"னு சிலர் கேக்கலாம். நியாயமான கேள்வி. முளைப்பாரியே விதைச் சோதனைக்குத்தான் பிறந்துச்சுனு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். மழை கேட்டு எடுக்குறவங்க உண்டு, நேர்த்திக்கடனுக்கு எடுக்குறவங்க உண்டு. ஆனா எதுக்காக எடுத்தாலும், வீட்டு விதையைப் போட்டாத்தான் இந்தச் சேதி கிடைக்கும். ஆர்டர் பாரி எப்பவும் சொட்டை இல்லாமத்தான் வரும். அது யாரோ வீட்டு விதையைப் பத்திச் சொல்லும், நம்ம விதையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது.

இன்னொன்னும் போயிரும். கும்மி. பாரி அறையில இருக்குற அந்த ஏழு ராத்திரியும் வாசல்ல கும்மி உண்டு. பழைய பாட்டு பாதி, அன்னிக்கே கட்டுற பாட்டு பாதி. போன வருசம் எங்க சின்னம்மா, நிக்காமப் போற டவுன் பஸ்ஸை வச்சு ஒரு பாட்டுக் கட்டுச்சு. நூறு நாள் வேலைக் கூலி வராத கதையும் அதுல வந்துருச்சு. சிரிச்சு உருண்டோம். சின்னம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அந்தப் பாட்டு வரணும்னா ஏழு ராத்திரி வேணும், கைதட்டப் பத்துப் பேர் வேணும். கடைசி நாள் வேன்ல வந்து இறங்குற பாரிக்கு யார் ராத்திரி பூரா முழிச்சுக் கும்மி அடிப்பா?

கும்மி முடிஞ்சதும் எங்களுக்குப் பருத்திப்பால் கிடைக்கும். பருத்திக்கொட்டையை ஊறவச்சு, ஆட்டுரல்ல ஆட்டி, பால் பிழிஞ்சு, பச்சரிசி மாவு கரைச்சு ஊத்தி, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சுறது. மிஞ்சின ஊறல் பயறு மறுநாள் சுண்டலாயிரும். இதுல ஒரு எச்சரிக்கை: விதைக் கடையில வாங்குற விதை சிலது பூஞ்சாண மருந்து கலந்து சிவப்பா, நீலமா இருக்கும். அது வயலுக்கு மட்டும்தான். பாரிக்குப் போட்டு மிச்சத்தை அடுப்படிக்குக் கொண்டு போயிராதீங்க. அந்தக் காலத்துல பாரிக்கும் வயலுக்கும் அடுப்புக்கும் ஒரே பானையில இருந்து எடுத்தோம். இப்ப அந்தப் பானையும் இல்ல.

சரி, பொம்பளைங்க ஏன் தலையாட்டினாங்க? அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. காலையில கம்பெனி வேனுக்கு ஓடணும், பிள்ளைங்களுக்குப் பரீட்சை. இதுல ஏழு நாள் விரதம், ரெண்டு வேளை தண்ணி, எரு இடிக்கிறது, கூடவே பாரி வரலைன்னா பழியும் அவங்க தலையில. பெருமை மட்டும் ஊருக்கு. இப்படி வச்சா யாரா இருந்தாலும் ஆர்டர்தான் கொடுப்பாங்க. அந்த இளவட்டத்தைத் திட்டுறதுல பிரயோசனம் இல்ல. நாமதான் மாறணும்.

அதனால அடுத்த கூட்டத்துல நான் சொல்லப் போறது இதுதான். விதை நம்ம ஊர் விதையா இருக்கணும். இல்லாதவங்களுக்கு இருக்குறவங்க ஒரு படி கொடுக்கணும். காப்புக்கட்டுக்குப் பத்து நாள் முன்னாடியே நூறு விதையை எண்ணி, ஈரத்துணியில சுருட்டி வச்சுப் பார்த்துரலாம். எண்பது முளைச்சா நிம்மதியாப் போடலாம், அறுபதுக்குக் கீழ போனா விதையை மாத்திரலாம். எரு இடிச்சுச் சலிக்கிறது, தண்ணி சுமக்குறது ஆம்பளைங்க வேலை. அறைக்குள்ள வரக்கூடாதுன்னா வாசல் வரைக்கும் கொண்டாந்து வைப்போம், கை தேஞ்சிறாது. தண்ணி தெளிக்கிறதை முறை வச்சுப் பிரிச்சுக்கலாம். முக்கியமா, சொட்டை விழுந்த பாரியைப் பார்த்து யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா, "விதையை மாத்தணும் தாயி"னு மட்டும் சொல்லணும்.

மதினிகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் பரண்ல இருந்து பழைய மண்சட்டியை இறக்கிக் கழுவ ஆரம்பிச்சாங்க. விதைக்கு மேலத்தெரு அயித்தைகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். செம்மண் பூசிக் காய வச்ச தட்டாம்பயறு ரெண்டு படி இருக்காம். நூறு எண்ணி ஈரத்துணியில சுருட்டியாச்சு. எத்தனை முளைச்சதுனு அடுத்த பதிவுல சொல்றேன்.